கஞ்சிக்கும் விளக்குக்கும் நடுவே சேலம்

இப்படிக் கிட்ட வந்து உட்காருங்க சார். இந்தப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறேன், உங்களுக்கு இடம் ஆச்சு. தள்ளி உட்கார்ந்தால் நான் பேசுவது கேட்காது. அந்த அறிவிப்புப் பொண்ணு காலையிலிருந்து மூச்சுவிடாமல் பேசுகிறாள். ஒரு தடவைகூட எனக்குச் சாதகமாக எதுவும் சொல்லவில்லை.

நீங்க கோயமுத்தூரா? இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கா? அப்போ சொல்லி முடித்துவிடலாம். நான் சேலம். சேலத்துக்காரன் இல்லை, சேலத்துக்குப் போகிறவன். ஊர் தூத்துக்குடி. பேர் பலவேசம். காலையில் எட்டரை மணிக்கு எங்க ஊரில் விமானம் ஏறினேன். இப்போ மணி என்ன? அஞ்சரையா? சரி. இன்னும் மெட்ராஸ் விமான நிலையத்தில்தான் இருக்கிறேன்.

தூரத்தைப் பற்றி எனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம் சார். முப்பத்தாறு வருஷம் உப்பு லாரி ஓட்டியவன். தூத்துக்குடியில் லோடு ஏற்றினால் சேலம் ஒன்பது டீ. எட்டயபுரத்தில் ஒன்று, அருப்புக்கோட்டையில் ஒன்று, காரியாபட்டியில் ஒன்று, மதுரை ரிங் ரோட்டில் ஒன்று. திண்டுக்கல் பைபாஸில் சவரிமுத்து கடை. அங்கே டீ மட்டும் இல்லை, சாப்பாடே அங்கேதான். சரியாகப் பாதி தூரம். அப்புறம் வேடசந்தூர், கரூர், நாமக்கல், கடைசியில் சேலத்தில் தார்ப்பாயை அவிழ்த்துவிட்டு ஒரு டீ. கிலோமீட்டர்க் கல்லை எல்லாம் நான் பார்த்ததே கிடையாது. கல் பொய் சொல்லும், பிடுங்கி வேறு இடத்தில் நட்டுவிடுவான். டீ பொய் சொல்லாது.

நான் எதற்கு விமானத்தில் ஏறினேன் என்றுதானே பார்க்கிறீங்க. எங்க குடும்பத்தில் ஒரு சட்டம் இருக்கு. அந்தச் சட்டத்துக்காகத்தான்.

சட்டம் இதுதான். எங்க வீட்டுப் பொண்ணை எங்கே கட்டிக் கொடுத்தாலும், காலையில் நாம் நம்ம வீட்டில் கஞ்சி குடித்துவிட்டுப் புறப்பட்டு, அவளைப் பார்த்து, கூட உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீடு திரும்பிவிட வேண்டும். அந்தத் தூரத்துக்குள்தான் சம்பந்தம். அதற்கு மேலே மாப்பிள்ளையைத் தங்கத்தில் செய்திருந்தாலும் வேண்டாம்.

இது சும்மா வந்த சட்டம் இல்லை. எங்க அக்கா பூரணத்தைக் கரூரில் கட்டிக் கொடுத்தோம். எங்க அம்மா சாகக் கிடந்தபோது அக்கா வந்து முகம் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. அவள் வருவதற்குள் எடுத்துவிட்டார்கள். எல்லாம் அந்தத் தூரத்தால் வந்தது. நான் அப்போ சேலத்தில் லாரியோடு நிற்கிறேன். புக்கிங் ஆபீசுக்கு ஃபோன் வருகிறது. 'அம்மைக்கு இழுத்துக்கிட்டு இருக்கு, வர்ற வழியில கரூர்ல அக்காவைக் கூட்டிக்கிட்டு உடனே வா.' சரிதான், உடனே புறப்பட வேண்டியதுதான். ஆனால் லோடு இறக்கவில்லையே சார். வானம் மூடிக்கொண்டு நிற்கிறது. உப்பு சார், நனைந்தால் என்ன ஆகும்? இறக்கி முடிக்க நாலு மணி நேரம். அப்புறம் தார்ப்பாயை மடித்து, ஒரு டீ குடித்து, கரூர் போய் அக்காவை ஏற்றிக்கொண்டு வந்தால், ஊரில் பந்தலைப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

லோடை இறக்காமல் எப்படி வர முடியும், நீங்களே சொல்லுங்க.

அக்கா ஏழு வருஷம் என்னோடு பேசவில்லை. தூரத்தின் மேல் அவளுக்கு அப்படி ஒரு கோபம். அதை என்னிடம்தான் காட்டுவாள், வேறு யாரிடம் காட்டுவாள்? இப்போ பேசுகிறாள். 'சாப்பிட்டியா' என்பாள், 'சரி' என்பாள். அவ்வளவுதான். அம்மா போன அன்றைக்கு எங்க அப்பா போட்ட சட்டம் இது. அப்பாவுக்குப் பிறகு நான் பார்த்துக்கொள்கிறேன். என் வீட்டுக்காரி கேட்பாள், 'முப்பத்தாறு வருஷத்துல வெளக்கு வைக்கிற நேரத்துக்கு நீரு எத்தன நாளு வீட்டுல இருந்தீரு?' என்று. அது தொழில். தொழிலும் சட்டமும் ஒன்றா?

இப்போ விஷயத்துக்கு வருகிறேன். எனக்குத் தங்கச்சி ஒருத்தி, உலகம்மாள். பக்கத்துத் தெரு. புருஷன் இல்லை. அவளுக்கு ஒரே பொண்ணு, பிரம்மசக்தி. எனக்குப் பிள்ளை கிடையாது. அதனால் அவள்தான் என் வீட்டுக்கும் பிள்ளை. கரண்ட் ஆபீஸ் கடிதம் வந்தாலும் அவள்தான் படிக்க வேண்டும், ஃபோனில் எழுத்து வந்தாலும் அவள்தான் சொல்ல வேண்டும். கெட்டிக்காரி சார். சின்னதிலேயே சீட்டு விளையாடினால் நம்ம கையில் இருக்கிற சீட்டை நம்ம முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். நர்ஸ் படித்துவிட்டுச் சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் மூணு வருஷமாக வேலை. அங்கேயே எக்ஸ்ரே எடுக்கிற பையன் மாதேஷ். ஓமலூர்க்காரன். பேசிப் பழகி, ஒருவருக்கொருவர் பிடித்துப்போய், அவன் வீட்டிலும் சம்மதம் வாங்கி, எல்லாம் முடித்துவிட்டுத்தான் எங்களுக்கே சொன்னாள்.

ஜாதகமா, சாதியா, அதற்கெல்லாம் நான் வாயே திறக்கவில்லை. உலகத்தைச் சுற்றியவன். ஆனால் சட்டம் இருக்கே?

பையனோட அப்பா தீர்த்தகிரி, இரண்டு கூடை மாம்பழத்தோடு தூத்துக்குடிக்கே வந்துவிட்டார். உலகு வீட்டில் பாய் போட்டு உட்கார்ந்தோம். தாம்பூலத் தட்டு நடுவில் இருக்கிறது. தாய்மாமன் கை படாமல் எங்க பக்கம் தட்டு மாறாது. நான் கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

"ஏனுங்க, என்ன யோசனை?" என்கிறார் தீர்த்தகிரி.

"ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. தூரம்."

"நாங்க என்ன இமயமலையிலயா இருக்கறோம்? ராத்திரி பஸ்சு ஏறுனா விடியறதுக்குள்ள வந்தரலாமுங்க."

"ராத்திரி ஏறினாலே சட்டம் போச்சு. கஞ்சி குடிச்சிட்டு ஏறணும், வெளக்கு வைக்கத் திரும்பணும். சேலம் ஒம்பது டீ."

அவருக்கு டீ கணக்குப் புரியவில்லை. என் பிள்ளை உள்ளே இருந்து வந்து நின்றாள்.

"ஏன் மாமா, சேலத்துல வேலை பார்க்கலாம், வாக்கப்படக் கூடாதா?"

"வேலைன்னா லீவு இருக்கு தாயி. கல்யாணத்துல ஏது லீவு?"

உலகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை. மாதேஷ் பையன் மாம்பழக் கூடையையே பார்த்துக்கொண்டிருந்தான். பாவம், நல்ல பையன்தான். எக்ஸ்ரே எடுப்பவன் இல்லையா, 'மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கோங்க' என்பதைத் தவிர அதிகம் பேசி வழக்கம் இல்லை போல.

பிரம்மசக்தி ஃபோனை எடுத்தாள். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மாமா, இதைப் பாருங்க. தூத்துக்குடி விமான நிலையத்துல இருந்து சேலம் விமான நிலையம். நேர்க்கோட்டுல முந்நூத்தி நாப்பது கிலோமீட்டர். பறக்குற நேரம் நாப்பத்தஞ்சு நிமிஷம்."

நான் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். நம்ம நாட்டுப் படம். கீழே ஒரு புள்ளி, மேலே ஒரு புள்ளி. நடுவில் ஆணி அடித்த மாதிரி ஒரு கோடு. நேர் வடக்கு சார். இந்தப் பக்கமும் சாயவில்லை, அந்தப் பக்கமும் சாயவில்லை. முப்பத்தாறு வருஷம் வளைந்து வளைந்து ஓட்டின எனக்கு அது தெரியவே தெரியாது. உப்பளத்தில் நின்று மூக்குக்கு நேரே நடந்தால் சேலம்.

"இது யாரு போட்டது?"

"கம்ப்யூட்டர் கணக்கு போட்டது மாமா. நடுப்புள்ளிகூடப் போட்டிருக்கு பாருங்க. ரெண்டு ஊருக்கும் சரி நடுவுல, திண்டுக்கல் பக்கம்."

"அதென்னத்துக்கு? நடுப்புள்ளியில விமானத்த நிறுத்தி டீ குடிப்பாங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. அந்தப் புள்ளியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் ஒரு பேப்பரும் பேனாவும் எடுத்து வந்தாள்.

"மாமா, சட்டத்தைத் திருத்தமா ஒருக்கா சொல்லுங்க. எழுதிக்கிடுதேன்."

சொன்னேன். எழுதினாள். எழுதி முடித்துவிட்டுக் கேட்கிறாள். "பொண்ணைப் பார்க்கணுமா, பொண்ணு வீட்டைப் பார்க்கணுமா மாமா?"

"பொண்ணைத்தான். அவுக வீட்டுச் செவத்தைப் பார்த்து நமக்கு என்ன ஆகப் போகுது?"

"போறது நீங்கதான் போகணுமா? அம்மை போனா ஆகாதா?"

"பெத்தவ போனா இன்னும் விசேஷம்."

"சரி. கையெழுத்துப் போடுங்க."

எனக்குக் கையெழுத்து நன்றாக வரும். லோடுச் சீட்டில் போட்டுப் போட்டுப் பழக்கம். போட்டேன். தீர்த்தகிரி சாட்சி என்று போட்டார். பிறகு நான் சொன்னேன், "ஆனா ஒண்ணு. ஃபோன் சொல்லுறத வச்சு நான் தட்டைத் தொட மாட்டேன். நானே ஒருநாள் கஞ்சி குடிச்சிட்டு விமானத்துல போயிப் பார்ப்பேன். நீ சேலத்துல இரு. உன்னப் பார்த்து, சாப்பிட்டு, வெளக்கு வைக்கத் திரும்பிட்டேன்னா அடுத்த முகூர்த்தம். இல்லன்னா மாம்பழத்துக்கு ரொம்ப நன்றி."

அப்போதுதான் அவள் கொஞ்சம் இழுத்தாள். "மாமா, அது கோடு போட்டுப் பார்த்த கணக்கு. விமானம் அந்தக் கோட்டுல போறது கெடையாது. மெட்ராஸ் போயி, எறங்கி, வேற விமானம் மாறணும். நேரத்துக்கு எல்லாம் நடந்தாத்தான்..."

"நீதான காட்டுன, நாப்பத்தஞ்சு நிமிஷம்னு? இப்ப பின்வாங்குத?"

"நான் பின்வாங்கல மாமா."

"அப்ப டிக்கெட்டைப் போடு."

என்னைப் பார்த்தாள். பேப்பரைப் பார்த்தாள். மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். "சரி மாமா" என்றாள்.

நான் சொல்கிறேன் சார், அந்தப் பயணம் தோற்க வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. ஜெயித்தால் ஜெயிக்கட்டும். நான் நியாயத்தோடு நிற்பவன். ஆனால் முதல் நாள் ராத்திரி என் வீட்டுக்காரி மட்டும், 'என்ன, இவ்வளவு சந்தோசமா பெட்டி கட்டுதீரு?' என்று கேட்டாள். அவளுக்கு எப்போதும் ஏதாவது ஒரு கேள்வி.

இன்றைக்கு விடியற்காலை அஞ்சு மணிக்கு உலகு வந்து கஞ்சி ஊற்றினாள். கூடவே துவையல். அவளும் எதிரே உட்கார்ந்து ஒரு கும்பா குடித்தாள். வழக்கமாக எட்டு மணிக்கு முன்னால் பச்சைத் தண்ணீர் பல்லில் படாது அவளுக்கு. நல்ல சேலை வேறு. "என்ன உலகு, நீயும் விமானத்துக்கா?" என்றேன். "கோயிலுக்கு அண்ணே. ஒம்ம காரியம் நல்லபடியா நடக்கணும்லா" என்றாள். என் பையில் என்னென்னவோ திணித்தாள். வேட்டி, துண்டு, முறுக்கு, துணியில் சுற்றின ஒரு பொட்டலம். "இது சக்தி கொடுக்கச் சொன்னது, பத்திரம்" என்றாள்.

விமான நிலையத்தில் பையைப் படம் பிடிக்கிற பெட்டிக்குள் விட்டார்கள். உடுப்புப் போட்ட ஒரு அம்மா பையை ஓரமாக இழுத்துவைத்து அந்தப் பொட்டலத்தை எடுத்தாள்.

"பெரியவரே, இது என்ன?"

"தெரியாதும்மா."

"உங்க பைதானே?"

"பை என்னுது. உள்ள இருக்குறது தங்கச்சி வச்சது."

அவிழ்த்துப் பார்த்தாள். உள்ளங்கை அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் சாமான். திருப்பிப் பார்த்தாள், தட்டிப் பார்த்தாள், லேசாகச் சிரித்துவிட்டுத் துணியைச் சுற்றி உள்ளே வைத்துவிட்டாள். நான் கேட்கவில்லை. உடுப்புப் போட்டவர்கள் சிரித்தால் மறு பேச்சுப் பேசாமல் வண்டியை எடுத்துவிட வேண்டும். அது செக்போஸ்டில் படித்த பாடம்.

விமானத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. முன்னால் கண்ணாடி தெரியாத வண்டியில் நான் இதுவரை ஏறியதில்லை. ஓட்டுகிறவன் யார், தூங்கினானா, சாப்பிட்டானா, ஒன்றும் தெரியாது. அவன்பாட்டுக்கு உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு ஓட்டுகிறான். ஹார்ன் அடிக்கவே இல்லை. ஆனால் வண்டி நன்றாகத்தான் போனது. ஒன்பதே முக்காலுக்கு இங்கே இறக்கிவிட்டான்.

இதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு சார். சேலம் எனக்கு நேர் வடக்கே இருக்கிறது. இவன் என்னை வடகிழக்கே கூட்டிவந்து, சேலத்தையும் தாண்டி, கடல் ஓரத்தில் உட்கார்த்திவிட்டு, 'இனிமேல் திரும்பிப் போகணும்' என்கிறான். லோடு இறக்க வேண்டிய ஊரைத் தாண்டிப் போய் டீ குடித்துவிட்டுத் திரும்பி வருகிற டிரைவரை நான் எந்த ஷெட்டிலும் பார்த்தது கிடையாது.

பதினொன்றே முக்காலுக்குச் சேலம் விமானம். அங்கே சாப்பிட்டுவிட்டு உடனே திரும்பினால், எல்லாம் சொன்ன நேரத்துக்கு நடந்தால், ஆறரைக்கு வீடு. அப்படித்தான் சக்தி கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தாள். பதினொன்றரைக்கு அந்தப் பொண்ணு மைக்கில் வந்து, சேலத்தில் மேகமூட்டமாக இருக்கிறது, இரண்டு மணி என்றாள். இரண்டு மணிக்கு நாலரை என்றாள். மேகம் சார். மேகத்துக்காக நான் உப்பையே நிறுத்தியது இல்லை, தார்ப்பாய் போட்டு ஓட்டியவன்.

பன்னிரண்டரைக்கு என் பிள்ளை ஃபோன் பண்ணினாள்.

"மாமா, எங்க இருக்கீக?"

"மெட்ராஸ்லதான்."

"நல்லது மாமா. நேரத்துக்குச் சாப்பிட்டிருங்க."

நல்லது என்றாள் பாருங்க. அதை நான் அப்போ பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் என் காது சும்மா இருக்காது. அவள் பேசும்போது பின்னால் ஒரு பஸ் ஹார்ன் கேட்டது. அதற்குப் பின்னால் தோசைக்கல்லில் கரண்டியைத் தட்டுகிற சத்தம். நாலு தட்டு, ஒரு நிறுத்தம், இரண்டு தட்டு. அந்தத் தட்டு எனக்கு ரொம்பப் பழக்கமான தட்டு மாதிரி இருந்தது. ஆஸ்பத்திரியில் யார் தோசைக்கல்லைத் தட்டுகிறார்கள்? கேட்பதற்குள் வைத்துவிட்டாள். உலகுக்கு அடித்துப் பார்த்தேன். எடுக்கவில்லை. கோயிலில் இருப்பாள், நமக்காகத்தானே போயிருக்கிறாள் என்று விட்டுவிட்டேன்.

நாலரைக்கு அந்தப் பொண்ணு மறுபடி வந்து ஏழு மணி என்றாள். அப்போதே எனக்குத் தெரிந்துபோயிற்று, சட்டம் போச்சு. விளக்கு வைக்கிற நேரத்துக்கு நான் போகிற இடத்துக்கே போய்ச் சேரப் போவதில்லை, எங்கே திரும்புவது? மனசுக்கு ரொம்பக் கஷ்டமாகத்தான் இருந்தது. இரண்டு வடை வாங்கிச் சாப்பிட்டேன். பொண்ணிடம் இதை எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். 'நான் என்ன தாயி பண்ணட்டும், தூரம் அப்படி' என்று ஆரம்பிக்கலாம் என்று இருந்தேன். அப்போதுதான் நீங்க வந்து அந்தக் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தீங்க.

இருங்க சார். இந்த ஃபோன் நடுங்குகிறது பாருங்க. மத்தியானத்திலிருந்தே இப்படி இரண்டு மூணு தடவை நடுங்கியது. ஏதாவது விளம்பரமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். எனக்குப் பச்சையை அழுத்திப் பேசத்தான் தெரியும். கொஞ்சம் திறந்து பாருங்களேன்.

படமா? யார் அனுப்பியது? பிரம்மசக்தியா? எங்கே, கொடுங்க, கண்ணாடி போட்டுக்கொள்கிறேன்.

இது என் பிள்ளை. இலை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் யாரு, நம்ம உலகு! அதே சேலை. கோயிலுக்குப் போகிறேன் என்றாளே? அந்தப் பக்கம் மாதேஷ் பையன். சோற்றில் குழி பறித்துக்கொண்டிருக்கிறான். இந்தச் சுவரைக் கொஞ்சம் பெரிசாக்குங்க சார். பச்சைப் பெயின்ட். நடுவில் மாதா படம். மேலே கடிகாரம், பன்னிரண்டேகால். சார், இது சவரிமுத்து கடை. திண்டுக்கல் பைபாஸ். இந்தப் பெஞ்சின் இந்தக் காலுக்கு நான்தான் ஒரு தடவை டயர்த் துண்டு வெட்டி அண்டை கொடுத்தேன். இன்னும் இருக்கிறது பாருங்க, டயர்த் துண்டு.

இந்த ஓரத்தில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறதே, தலை நரைத்து. முகத்தைக் காட்டுங்க.

அது எங்க அக்கா சார். பூரணம். கரூரிலிருந்து வந்திருக்கிறாள்.

அடுத்த படம் என்ன? உலகு வீட்டுப் பூஜை மாடம். விளக்கு எரிகிறது. உலகு பக்கத்தில் நிற்கிறாள், என் வீட்டுக்காரியும் நிற்கிறாள். என் வீட்டுக்காரி எதற்குச் சிரிக்கிறாள்? இது எப்போ வந்தது? இப்போதானா? ஆறு இருபதா? அடுத்தது வேறு வீடு. விளக்கு ஏற்றுகிற அம்மா மாதேஷின் அம்மாவாகத்தான் இருக்க வேண்டும். அவள் பக்கத்தில் என் பிள்ளை நிற்கிறாள், கையில் ஒரு பேப்பரைப் பிடித்துக்கொண்டு. எழுத்துச் சின்னதாக இருக்கிறது. ஆனால் அடியில் இருக்கிற கையெழுத்து எனக்குத் தெரிகிறது சார். என்னுடையது.

கஞ்சி குடித்துவிட்டுப் புறப்பட்டிருக்கிறாள் உலகு, என்னோடு உட்கார்ந்தே குடித்திருக்கிறாள். அந்தப் பக்கம் சேலத்திலிருந்து என் பிள்ளை புறப்பட்டிருக்கிறாள். பாதி தூரம் இவள், பாதி தூரம் அவள். பொண்ணைப் பார்த்தாச்சு, கூட உட்கார்ந்து சாப்பிட்டாச்சு, விளக்கு வைக்க அவரவர் வீட்டுக்கும் போயாச்சு. முப்பத்தாறு வருஷமும் நான் வண்டியை நிறுத்தின அதே கடை சார். எனக்கு அது பாதி தூரம் என்று தெரியும். பாதி தூரத்துக்கு இப்படி ஒரு உபயோகம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

வீடு திரும்பாத ஆள் நான் ஒருத்தன்தான்.

ஃபோன் அடிக்கிறது. அவள்தான். இதை நானே எடுப்பேன், பச்சைதானே.

"சொல்லு தாயி... ஆமா, பார்த்தேன். ஒரு சார் காட்டுனாரு... கோவமா? எனக்கு என்ன கோவம்? நான் போட்ட கையெழுத்து... ஏழரைக்கு இன்னொரு விமானமா? தூத்துக்குடிக்கா? மாத்திப் போட்டுட்டியா? சரி. சேலத்துக்கு நான் பெறகு வாரேன்... பெரியம்மா என்ன சொன்னாக? திரும்பச் சொல்லு."

எங்க அக்கா சொல்லிவிட்டாளாம் சார். 'தூரம் எல்லாம் ஒண்ணும் பண்ணாதுன்னு அவன்கிட்டச் சொல்லு. ஆளு உடனே கெளம்பணும், அவ்வளவுதான்' என்று.

அவளுக்கு லாரியைப் பற்றி என்ன தெரியும்? உப்பு நனைந்தால் என்ன ஆகும் என்று தெரியுமா?

இல்லை சார், ஒன்றும் இல்லை. கண்ணாடியைத் துடைக்கிறேன், அவ்வளவுதான். இந்த ஏசி காற்று ஒத்துக்கொள்ளவில்லை.

"இருக்கேன் தாயி, லைன்லதான் இருக்கேன். பெரியம்மா வீட்டுக்குப் போயிட்டாகளா? சரி... நாளைக்கு நான் அவுகளுக்குப் பேசுதேன். இல்ல, பேச வேண்டாம், நேரே போறேன். பஸ்சுலதான்... தட்டா? தட்டை மாத்திருவோம். அண்ணாச்சிகிட்டச் சொல்லு, வெத்தல மட்டும் நம்ம ஊருல இருந்து நான் கொண்டாருவேன். அங்க வாங்க வேண்டாம்... அழாத புள்ள. நர்சு அழுதா நோயாளி என்ன செய்வான்?... என்ன? பையைத் தொறக்கவா? எதுக்கு? அந்தப் பொட்டலமா?"

இந்தப் பையைக் கொஞ்சம் பிடிங்க சார். இதுதான் காலையில் அந்த அம்மா பார்த்துச் சிரித்த சாமான். துணியை அவிழ்க்கிறேன். கார்த்திகைக்கு வாசலில் வரிசையாக வைக்கிறார்களே, பேட்டரியில் எரிகிற பிளாஸ்டிக் அகல், அதுதான். ஒரு வாரத்துக்கு முன்னாலேயே வாங்கி உலகிடம் கொடுத்துவைத்திருக்கிறாள். விளக்கு வைக்கிற நேரத்துக்கு நான் எங்கே உட்கார்ந்திருப்பேன் என்று அவளுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

"அடியில சுவிட்ச் இருக்கு மாமா" என்கிறாள். "எல்லாரும் வச்சிட்டோம். நீங்களும் வச்சிருங்க."

இந்த நாற்காலியில் வைக்கட்டுமா சார்? யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்களே? இந்தா, எரிகிறது பாருங்க. காற்றுக்கு ஆடுகிற மாதிரியேகூடச் செய்திருக்கிறான்.

அந்தப் பொண்ணு மறுபடி மைக்கைப் பிடித்துவிட்டாள். என்ன சொல்கிறாள்? தூத்துக்குடி விமானமா? அதுவும் ஒரு மணி நேரம் தாமதமா?

பரவாயில்லை சார். இதைக் கொஞ்சம் தூக்கி அடியில் பாருங்க. சுவிட்சுக்குப் பக்கத்தில், டேப் போட்டு, இன்னொரு பேட்டரி ஒட்டிவைத்திருக்கிறாள்.